பெட்ஷீட் சுவர்

அந்த மாதம் முழுக்க டெய்லரக்காவுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மெஷினில் உட்காருவாள், ஒரு கால்சட்டையின் அடியை மடித்து நாலு விரல் நீளம் தைத்ததும் எழுந்துவிடுவாள். நடையில் போய் நின்று மாடிப்படியை மேலும் கீழும் பார்ப்பாள். பிறகு சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து, வந்ததற்கு ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்புவாள். காலையில் பல் தேய்க்கும்போது வீட்டை விற்றுவிடுவது என்று முடிவாகியிருக்கும். முகத்தைத் துடைப்பதற்குள் அந்த முடிவும் தண்ணீரோடு போயிருக்கும். இடித்து மாற்றிக் கட்டலாம் என்று தோன்றும். அதையே கொத்தனாராக இருக்கும் அவள் தம்பி வந்து அடித்துச் சொன்னால், விற்பதுதான் சரி என்று பேசுவாள்.

துணி விஷயத்தில் அவள் இப்படித் தடுமாறியதே கிடையாது. அவள் புதுத்துணி தைப்பவள் இல்லை. ஆல்டரேஷன் மட்டும்தான். இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள், பெருத்தவர்களுக்கு விட்டுக் கொடுப்பாள். கோட்டையோ சட்டையையோ கையில் வாங்கியதும் வெளிப்புறத்தைப் பார்க்கவே மாட்டாள். உள்ளே புரட்டி, தையலுக்கு அப்பால் மடித்து விட்ட துணி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இரண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். மிச்சம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வாள். இல்லையென்றால், "இதுக்குள்ள விடறதுக்கு ஒண்ணும் இல்ல, வேற வாங்கிக்கங்க" என்று முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கோபித்துக்கொண்டு போனவர்களும் அடுத்த துணியை அவளிடம்தான் கொண்டுவந்தார்கள்.

இதை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். நாள் முழுக்கக் காலர், வாரம் முழுக்கக் காலர். காலருக்குக் கீழே சட்டை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். சலித்துப்போய், பழைய துணிக்கடையிலிருந்து கிழிந்த கோட்டுகளை வாங்கி வந்து, தையல் தையலாகப் பிரித்து, மறுபடி அப்படியே சேர்த்துப் பார்த்தாள். முதல் கோட்டில் ஒரு துண்டு மிஞ்சிப்போனது. அது எங்கே இருந்த துண்டு என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அப்படியே கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அதில் அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சட்டம் உண்டு. எந்தத் துணியையும் எடுத்த எடுப்பில் வெட்டமாட்டாள். நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு, பிடித்து இழுத்தால் உருவி வருகிற மாதிரி நிறுத்தி, "ரெண்டு நாள் இதைப் போட்டுக்கிட்டு உக்காருங்க, குனிங்க, பஸ் ஏறுங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவாள். அதற்கப்புறம்தான் கத்தரிக்கோல்.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றே பெயர். ஓய்வு பெற்ற புதிதில் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் பணிமனைக்குப் போனவர், நிறுத்தியிருந்த பஸ்ஸில் ஏறி அரட்டை அடித்துவிட்டு இறங்கும்போது, இடது காலை உள்ளேயே மறந்து வைத்துவிட்டு வந்தவரைப் போலத் தரையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு பழையபடி இருந்தது, நக்கல் பழையபடி இருந்தது. இடது கையும் காலும் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. கால் திடீரென்று நன்றாக நிற்கும், திடீரென்று மடங்கும். அது எப்போது மடங்கும் என்று அதற்கே தெரியாது.

வீடோ, ரயில் பெட்டியைப் போல ஒரே நீளம். தெருவைப் பார்த்த முன்னறையில் அவள் கடை. அதற்குப் பின்னால் மாடிப்படி இருக்கும் நடை. கடைசியில் சமையலறை. படுக்கையும் குளியலறையும் மாடியில். வாங்கிய நாளிலிருந்து அதையும் அவர்கள் பலமுறை பிரித்துத் தைத்துவிட்டார்கள். கடைக்கு வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னலைப் பெரிதாக்கினார்கள். வாசலைத் தள்ளி வைத்தார்கள். சமையலறையைப் பின்சுவர் வரைக்கும் இழுத்து முடித்தார்கள். இப்போது டிரைவர் ஒரு தடவை மேலே ஏற வேண்டுமென்றால், அவர் வலது கையால் கம்பியைப் பிடிக்க, அவள் பின்னாலிருந்து அவர் முதுகில் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற வண்டி என்று அவர் தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். வேர்க்க வேர்க்க மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் மூச்சு வாங்குவாள்.

அவர் படியில் விழக்கூடாது. அவள் கையிலிருந்து மெஷினும் போகக்கூடாது. இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கிற ஒரு வீடு வேண்டும். கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் அதற்கு இந்த வீடு சரிப்படுமா, வேறு வீடு சரிப்படுமா என்பதில்தான் அவளுடைய தூக்கம் போனது.

மகள் ஊரின் மறுகோடியில் இருந்தாள். அவள் தினமும் போனில் ஒரே பாட்டைப் பாடினாள். தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, எல்லா அறையும் ஒரே மட்டத்தில், படி என்ற பேச்சே இல்லை, இந்த வீட்டை விற்றால் அதை வாங்கிவிடலாம். தரகரையும் அவளே பேசி அனுப்பினாள். தரகர் வந்து கடை ஜன்னலை மட்டும் நின்று ரசித்துவிட்டு, தெருப் பக்கம் முன்னறை இருக்கிற வீட்டுக்கு ஆள் ரெடியாக இருக்கிறார், அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மறுகோடியில் மூன்றாவது மாடி. கால்சட்டை அடி மடிக்க எவன் லிஃப்ட் ஏறி வருவான்?

தம்பிக்கு இது கேட்டதும் பொறுக்கவில்லை. ஒரு கொத்தனாருக்கு அக்காவாக இருந்துகொண்டு வீட்டை விற்பதா என்று அவன் மானப் பிரச்சினையாக்கிவிட்டான். ஓடி வந்து நடையில் நின்று கையை வீசி வீசிக் காட்டினான். "படிக்கு அடியில இடம் சும்மாதானே கிடக்கு? நடையில கொஞ்சம் எடுத்து அங்க பாத்ரூமை வச்சிடலாம். சமையலறையில பாதியைத் தடுத்து மாமாவுக்குக் கட்டில். உன் கடையைத் தொடவே வேணாம்க்கா."

கடையைத் தொடவே வேண்டாம் என்பதில் அக்கா விழுந்துவிட்டாள்.

டிரைவரிடம் கேட்டால் பிடி கொடுக்கவில்லை. "இப்ப நான் பயணி. பயணி பின்னாடி உக்காந்துக்கிட்டு வளைச்சு ஓட்டு, ஒடிச்சு ஓட்டுன்னு சொல்லக்கூடாது" என்று ஒதுங்கிக்கொண்டார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, தான் வண்டி ஓட்டிய காலத்தில் அப்படிச் சொன்னவர்களை நடுவழியில் இறக்கிவிட்டதையெல்லாம் எடுத்துவிட்டார்.

சரி, கட்டலாம் என்று ஒரு நாள் காலையில் முடிவு செய்து, அது மதியம் வரைக்கும் நிலைத்ததால், அக்கா இஞ்ச் டேப்பை எடுத்தாள். வீட்டை அளப்பதற்கு முன்னால் ஆளை அளக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. டிரைவரை வாக்கரைப் பிடித்தபடி நிற்க வைத்துத் தோளை அளந்தாள். முழங்கை எவ்வளவு தூரம் வெளியே பிதுங்குகிறது என்று அளந்தாள். அவரை நின்ற இடத்தில் மெதுவாகத் திரும்பச் சொல்லி, வாக்கரின் காலைச் சுற்றித் தரையில், துணியில் குறி போடும் டெய்லர் சாக்கால் கோடு போட்டாள். தாராளமாக இருக்கட்டும் என்று நாலு விரல் விட்டாள்.

"தைக்கிறது சட்டையா, சவப்பெட்டியா? முன்னாடியே சொல்லிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி மூச்சைப் பிடிச்சுக்குவேன்" என்றார் டிரைவர்.

"உங்க வாயை அளக்கத்தான் டேப் பத்தல" என்றாள் அவள்.

தம்பி செங்கல் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியபோது அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். போட்டுப் பார்க்காமல் வெட்டுவதில்லை. அது துணியானாலும் சரி, வீடானாலும் சரி. அலமாரியிலிருந்த பெட்ஷீட்டுகளை எல்லாம் எடுத்தாள். கொடிக்கயிற்றை ஆணிக்கு ஆணி கட்டி, கிளிப் போட்டு, சாக் கோட்டுக்கு நேர் மேலே சுவர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டாள். படிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் கழிப்பறை. கவிழ்த்த வாளி, அதுதான் வாஷ் பேசின். சமையலறையில் பூப்போட்ட விரிப்புக்குப் பின்னால் கட்டில். பெட்ஷீட் என்றால் சுவர், யாரும் அதைத் தள்ளிக்கொண்டு போகக்கூடாது, இடைவெளி விட்ட இடம்தான் கதவு என்று சட்டமும் போட்டாள். நிஜக் குளியலறை இன்னும் மாடியில்தான். ஆனால் கீழே ஒத்திகை நடக்க வேண்டும். உள்ளே போக வேண்டும், திரும்ப வேண்டும், உட்கார வேண்டும், எழுந்து வெளியே வர வேண்டும்.

தம்பி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். இனிமேல் தான் செங்கல்லுக்குப் பதில் துணி துவைத்துக் கொண்டு வந்தால் போதும் போலிருக்கிறது என்றான். வாடிக்கையாளர்கள் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, வீட்டில் ஏதாவது நாடகம் போடுகிறீர்களா என்று கேட்டார்கள். டிரைவர் மட்டும் முழு மனதோடு நடித்தார். பெட்ஷீட் கதவருகே போனதும் வாயால் ஹாரன் அடிப்பார். உள்ளே யாரும் இல்லை என்று அக்கா கடையிலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் நுழைவார்.

சில நாட்கள் நன்றாகவே போயின. நன்றாகப் போவதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு கோட்டைப் போட்டுப் பார்க்கிறவர் எதுவுமே சொல்லவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் ஒரு சாக் கோட்டை அழித்து ஒரு விரல் தள்ளிப் போடுவாள். கயிற்றை அவிழ்த்து ஆணியை மாற்றுவாள். மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவருவாள். நடைத் தரை குழந்தைகள் பாண்டி விளையாடிவிட்டுப் போன இடம் மாதிரி ஆகிவிட்டது. தம்பி பொறுமை இழந்து, வருகிற வாரம் ஆள் கூட்டி வருகிறேன், நீ கோடு போட்டுக்கொண்டே இரு, நான் பாதி சுவரை எழுப்பிவிடுகிறேன் என்றான். அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள்.

அதற்கடுத்த காலை. அவள் மெஷினில் ஒரு நர்ஸின் யூனிஃபார்மைப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் இல்லை என்று இவள் சொன்னாள். வாக்கர் தரையில் தட்டித் தட்டி உள்ளே போவது கேட்டது. பிறகு கொடிக்கயிற்றில் கிளிப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிடுகிடுத்தன.

எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் சாய்ந்துகொண்டிருந்தார். அக்குளுக்குக் கீழே தோளைக் கொடுத்து, இடுப்பில் கை போட்டு, எடையை வாங்கி, அப்படியே மெதுவாக நாற்காலியில் இறக்கினாள். பெட்ஷீட் இரண்டு பேர் தலையிலும் விழுந்திருந்தது. உள்ளே ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் அடித்தது.

"டிரைவர் உயிரோடதான் இருக்கார். கண்டக்டர் எப்படி?" என்றார் அவர், துணிக்கு அடியிலிருந்து.

அவள் துணியை உருவினாள். அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். ஒரு சிராய்ப்பு கூட இல்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விழுந்த விரிப்பை மறுபடி கயிற்றில் மாட்டப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். அவளுடைய செருப்பு ஒன்று கழன்று தரையில் கிடந்தது. அது கிடந்தது கோட்டுக்கு வெளியே. பக்கத்தில் சாக் கோடு இன்னொரு காலால் தேய்ந்து இழுபட்டிருந்தது. அதுவும் வெளியே.

சந்தேகம் தீர வேண்டும் அவளுக்கு. நாற்காலியில் இருந்தவரைத் தன் தோளில் சாயச் சொல்லி, பிடித்த பிடியை மறுபடி பிடித்துப் பார்த்தாள். கோட்டுக்கு உள்ளே நின்று பிடிக்க முயன்றாள். வாக்கர் இடித்தது. அதை நகர்த்தினால் நாற்காலி இடித்தது. பக்கவாட்டில் நுழைந்தால் கை மட்டும் எட்டியது, தோள் எட்டவில்லை. ஒரு எட்டு பின்னால் வைத்தால் எல்லாம் சுலபமாக இருந்தது. அந்த ஒரு எட்டு சுவரில் இருந்தது.

"என்ன, லைனைத் தாண்டிட்டியா? ஃபைன் போட்டுடுவாங்க" என்றார் டிரைவர்.

"நான் செங்கல்லுல நின்னிருக்கேங்க."

அவர் தரையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல இறங்கியது.

"துணின்னதால உள்ள வந்துட்டேன்" என்றாள் அவள். "சுவர் இருந்திருந்தா கதவுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

"என்னை அளந்தே. என்னைப் பிடிக்கிற ஆளை அளக்கல."

"ஒரு சட்டைக்குள்ள ரெண்டு பேரை விட்டு நான் எங்க அளந்திருக்கேன்?"

"சட்டைக்கு நீ அளந்தது சரிதான்" என்றார் டிரைவர்.

அன்றைக்கு அவள் மெஷினைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்து கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளுக்கு, முழங்கைக்கு, திரும்புவதற்கு என்று எல்லாப் பக்கமும் நாலு விரல் விட்டவள், ஒரு பக்கம் மட்டும் விடாமல் ஒட்டிப் போட்டிருந்தாள். அது கடையின் சுவர்ப் பக்கம். யோசித்துப் பார்த்தால், முதல் கோட்டை அங்கிருந்துதான் ஆரம்பித்திருந்தாள். கடையைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில் அவரை வெட்டியிருந்தாள். அது தெரிந்தா நடந்தது, தெரியாமலா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

பெட்ஷீட்டை எந்தப் பக்கம் தள்ளுவது? ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். ஒரு பக்கம் படி. ஒரு பக்கம் சமையலறைக்குப் போக இருக்கும் ஒரே வழி. அதை அடைத்தால் அடுப்புக்கு ஜன்னல் வழியாகத்தான் ஏறிக் குதிக்க வேண்டும். மிச்சம் கடைதான். மறுநாள் தம்பியை வைத்துக்கொண்டு கடைக்கு உள்ளே கோடு போட்டாள். தான் பக்கத்தில் நின்று பிடிக்க வேண்டிய அளவையும் சேர்த்தே போட்டாள். கோடு கட்டிங் டேபிளுக்கு நடுவில் போனது. அந்த மேசை அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது. மேசையை எடுத்துவிட்டால் மெஷினுக்கு இடம் இருக்கும். ஆனால் போட்டுப் பார்க்கிறவர் கையைத் தூக்கினால் சுவரில் இடிக்கும். கையைத் தூக்காமல் ஒரு சட்டையை எப்படிச் சரிபார்ப்பது?

தம்பி விடவில்லை. அப்படியானால் கடை மேலே போகட்டும், மாமா கீழே இருக்கட்டும், மேல்தளம் எப்படியும் காலிதானே என்றான். சொன்னதோடு நில்லாமல் மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய் மாடியில் இறக்கியும் விட்டான். அக்கா அதையும் போட்டுப் பார்த்தாள். டிரைவர் கீழே கட்டிலில். இவள் மேலே ஜன்னலோரம். வெளிச்சம் என்னவோ பிரமாதமாக இருந்தது. ஆனால் மெஷின் ஓடினால் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று மெஷினை நிறுத்துவாள். நிறுத்தினால் ஏதோ கேட்ட மாதிரி இருக்கும். இறங்கி வருவாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். ஏறுவாள். ஒரு இருமல் வரும். இறங்குவாள். மாலையில் அந்த நர்ஸ் யூனிஃபார்மைத் தேய்க்க எடுத்தபோது பார்த்தால், பிரித்து மறுபடி மாட்டியிருந்த கைகளில் இடதை வலது தோளிலும் வலதை இடது தோளிலும் வைத்துத் தைத்திருந்தாள். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் செய்கிற தப்பு அது. தன் தையலைத் தானே பிரிக்க உட்கார்ந்தபோது அவளுக்குக் கையே வரவில்லை.

அதை எடுத்துக்கொண்டு கீழே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் யூனிஃபார்மைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னா வண்டி என்னிக்குப் போய்ச் சேரும்?"

"நான் நிக்கலேன்னா நீங்க விழுந்து கிடப்பீங்க."

"கிடப்பேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. மெஷின் ஓடுற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. அது நிக்கும் பாரு, அப்பதான் வயித்தைக் கலக்குது. நீ இறங்கி வரப்போறே, எனக்காக வரப்போறேன்னு தெரியும். நானும் சும்மா இருக்கப் பிடிக்காம ரேடியோவைத் திருகுறேன்."

அவள் கத்தரியின் முனையால் ஒரு தையலை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"பயணி ஒரு வார்த்தை பேசலாமா?" என்றார் அவர்.

"பேசுங்க."

"இந்த வண்டியை வாங்கினதுலேருந்து நாம மாத்தி மாத்தி ஓட்டிட்டோம். இன்னும் மாத்த உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா? இதையே யாராவது ஒரு கோட்டுன்னு உன்கிட்ட கொண்டாந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவளுக்குப் பதில் தெரியும். அதை வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களிடம் நொடியில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். உள்புறத்தைத் திருப்பி இரண்டு விரலால் தடவினால் போதும். ஜன்னலுக்கு விட்டாயிற்று, வாசலுக்கு விட்டாயிற்று, சமையலறைக்கு விட்டாயிற்று. இதுக்குள்ளே விடறதுக்கு ஒண்ணும் இல்லை. தம்பியின் போனுக்கும் தரகரின் போனுக்கும் பதில் சொல்லாமல் வைத்திருந்தவள், எழுந்துபோய் மகளைப் போனில் கூப்பிட்டாள். விற்கிறேன் என்று சொல்லவில்லை. அந்த வீட்டின் சாவியை ஒரு காலைப்பொழுதுக்கு வாங்கிக் கொடு என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது மாடி. லிஃப்டுக்குள் வாக்கரும் டிரைவரும் அக்காவும் மகளும் தரகரும் நின்ற பிறகு, தரகர் மூச்சை இழுத்து வயிற்றைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வீடு காலியாக இருந்தது. புது வண்ணத்தின் வாசம். பேசினால் சுவரில் பட்டுத் திரும்பியது. தரகர் ஹாலைக் காட்டினார், பால்கனியைக் காட்டினார், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கையால் வரவழைத்துக் காட்டினார். அக்கா எதையும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய், சுவருக்குச் சுவர் டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, டிரைவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"விழுங்க" என்றாள்.

"என்னது?"

"அன்னிக்கு மாதிரி. இடது காலை விட்டுடுங்க."

"அது ஸ்பெஷல் ஷோ. கேட்ட உடனே எல்லாம் போட முடியாது."

"விளையாடாதீங்க. பாதி எடை வேணாம். முழுசா விடுங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாக்கரிலிருந்து கையை எடுத்தார். கால் மடங்கியது. அவள் அக்குளுக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். அவர் தன்னை இழுத்துப் பிடிக்கவில்லை. முழு உடம்பும் வந்து அவள் மேல் இறங்கியது. அவள் பின்கால் வழுக்கி ஒரு எட்டுப் போனது. அந்த எட்டுக்கு அங்கே தரை இருந்தது. முதுகு ஓடு பதித்த சுவரில் போய் மோதி நின்றது, தாங்கியது. அவள் அப்படியே நின்றாள். அவர் கன்னம் அவள் தலையில் அழுந்திக் கிடந்தது. வெளியே மகள் கதவைத் தட்டி, உள்ளே என்ன சத்தம், அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, உங்கம்மா என்னைப் போட்டுப் பாக்கறா" என்றார் டிரைவர்.

மூன்று முறை செய்ய வைத்தாள். வலதுபுறம் சாயச் சொன்னாள், கழிப்பறை இருக்கையிலிருந்து எழும்போது விழச் சொன்னாள். மூன்றாவது முறை அவரே களைத்துப்போய்விட்டார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அக்காவின் தலைமுடி கலைந்து, ரவிக்கையின் தோள் வேர்த்து நனைந்திருந்தது. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஹாலில் ஜன்னல் தப்பான பக்கத்தில் இருந்தது. காலையில் இங்கே வெளிச்சம் வராது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாது. அவள் ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தாள். தெரு முழுக்கப் புது மனிதர்கள். அதில் ஒருவருக்குக்கூட இந்த மூன்றாவது மாடியில் ஒருத்தி இருப்பதும், இளைத்துப்போன கோட்டை அவளிடம் கொண்டுவரலாம் என்பதும் தெரியாது. தெரிய வைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று அவளுக்கும் தெரியாது. ஒருவேளை ஆகாமலேகூடப் போகலாம். பழைய தெருவில் செருப்புத் தைப்பவரின் மனைவியும், நர்ஸும், நாடகம் போடுகிறீர்களா என்று எட்டிப் பார்த்தவர்களும் நாளை கடைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். திரும்பி ஹாலைப் பார்த்தாள். இங்கே நின்றால் குளியலறைக் கதவு தெரிந்தது. படுக்கையறைக் கதவும் தெரிந்தது.

பையிலிருந்து சாக்கை எடுத்து மண்டியிட்டாள். மெஷின் இங்கே. மேசை இங்கே, பழையதில் பாதி அகலம்தான் வரும். போட்டுப் பார்க்கிறவர் இங்கே நின்றால் கையைத் தூக்கலாம்.

"அம்மா, இது இன்னும் நம்ம வீடு இல்ல. தரையில கிறுக்காதே" என்றாள் மகள்.

தரகரும் பதறிப்போய், சொந்தக்காரர் பார்த்தால் ஏதாவது சொல்வார் என்று முனகினார்.

"துடைச்சா போயிடும்" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். பிறகு, வேறு யாரோ சொல்கிற மாதிரி ஒரு குரலில், "அந்த முன்னறை கேட்டவர்கிட்ட சரின்னு சொல்லிடுங்க" என்றாள்.

தரகர் சரியாகக் காதில் விழவில்லை என்பது போல மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். அவர் உடனே போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றவர், தனக்கு நிஜமாகவே போக வேண்டும் என்றார். மகள் கூடப் போக ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் கையால் தடுத்துவிட்டு, வாக்கரைத் தட்டித் தட்டித் தனியாக நடந்தார். அக்காவின் கையில் சாக் நின்றது. வாக்கர் குளியலறை வாசலைத் தாண்டியது. கதவு பாதி சாத்தப்பட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு கோட்டை மேலே இழுத்தாள். பார்த்தால், கோடு கொஞ்சம் கோணலாகப் போயிருந்தது. உள்ளங்கையால் அழித்துவிட்டு, ஒரு விரல் தள்ளி மறுபடி போட்டாள்.